வயிறு பத்திரம்

அழுத்தாதீங்க, அழுத்தாதீங்க! சித்த மெதுவாப் புடிங்க. அந்தப் பையில இருக்கறது என்ற வயிறு.

சிரிக்காதீங்க. நெசமாத்தானுங்க சொல்றேன். இந்த வயசுல பக்கத்து சீட்டுக்காரருகிட்ட வெளையாடவா பஸ் ஏறியிருக்கறேன்? வேணும்னா ஜிப்பத் தெறந்து பாருங்க. பாத்தீங்களா? காடாத் துணியில தெச்சது. உள்ள பூராவும் நெய்ப் பாக்கெட்டு. மேல கயிறு ரண்டு, கீழ கயிறு ரண்டு. அந்த நடுவுல பொத்தான் இருக்குது பாருங்க, அது தொப்புள். அது வேண்டாம்னுதான் சொன்னேன். என்ற சம்சாரம் கேக்கல. வெச்சா முழுசா வெக்கோணும்னுட்டா.

நீங்க எது வரைக்கும்? கோபிங்களா? நல்லதாப் போச்சு. நான் நம்பியூர் தாண்டி நால்ரோட்டுல எறங்கோணும். அதுக்கு முன்னால நீங்க ஒரு உதவி பண்ணோணும். சங்கடப்படாதீங்க, பெரிய உதவியெல்லாம் இல்ல. இந்த வயித்தக் கட்டிக்கறப்ப பின்னால ஒரு முடிச்சுப் போட்டு விடோணும். வழக்கமா துளசிமணிதான் போடுவா. துளசிமணின்னா என்ற சம்சாரம். இன்னைக்கு அவ வரல. நான்தான் வேண்டாம்னுட்டேன்.

நம்மூரு ஆளு யாரும் இந்த வண்டியில இல்லீங்க. ஏறும்போதே கடைசி சீட்டு வரைக்கும் பாத்துட்டுத்தான் உக்காந்தேன். அதனாலதான் தைரியமாப் பேசறேன். இந்தச் சங்கதிய இது வரைக்கும் வெளியாள் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டிருந்தா அது வேற ஒரு சீக்காயிரும்போல இருக்குது.

என்ற பேரு நஞ்சப்பன். நால்ரோட்டுல நஞ்சப்பா நெய் ஸ்டோர்னு கேட்டா பச்சக் கொழந்தையும் கை காட்டும். எங்கப்பன் ஆரம்பிச்ச கடை. போர்டு கெடையாது. நெய்க்கடைக்காரனுக்குப் போர்டு எதுக்குங்க? வயிறுதான் போர்டு. கல்லாப் பெட்டிக்குப் பின்னால அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். வர்றவங்க மொதல்ல அதப் பாப்பாங்க, அப்பறந்தான் வெலை கேப்பாங்க. உங்களுக்குச் சிரிப்பா இருக்குது. வக்கீலுக்குக் கருப்புக் கோட்டு இல்லீங்களா, அப்படித்தான் இதுவும்.

எங்கூர்ல ஒருத்தர "நல்லா இருக்கறாரு"ன்னு சொன்னா என்ன அர்த்தம்னு தெரியும்ங்களா? காசு இருக்குதுன்னும் அர்த்தம், ஒடம்பு இருக்குதுன்னும் அர்த்தம். ரண்டையும் பிரிச்சுச் சொல்றதுக்கு எங்ககிட்ட வார்த்தையே இல்லீங்க. என்ற தொல்லை பூராவும் அந்த ஒரு வார்த்தைல வந்து மாட்டிக்கிச்சு.

ரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு நாளு கடையில உக்காந்திருக்கறேன். இடது கையில ஒரு வலி. கழுத்து வரைக்கும் இழுக்குது. சட்டை நனையற மாதிரி வேர்க்குது. நான் என்ன நெனச்சேன்? வாயுன்னு நெனச்சேன். சோடா வாங்கிக் குடிச்சேன். ஏப்பம் வந்துது, வலி போகல. இன்னொரு சோடா குடிச்சேன். மூணாவது சோடா குடிக்கறப்ப பாட்டிலோட கீழ விழுந்துட்டனுங்க. கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போயி, நெஞ்சுக்குள்ள சின்னதா ஒரு கம்பிச் சுருள் வெச்சு, உசுரக் குடுத்து அனுப்பினாங்க. ஊருக்குத் தெரியாதுங்க. பழனிக்குப் போயிருக்கறாங்கன்னு துளசி சொல்லிட்டா. நான் வந்தப்ப எல்லாரும் பஞ்சாமிர்தம் கேட்டாங்க. அதுக்கு வேற தனியா ஆளனுப்ப வேண்டியதாப் போச்சு.

அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனா பேச்சு சுருக்குனு இருக்கும். "என்ன தொழில் பண்றீங்க?"ன்னு கேட்டுச்சு. நெய்யின்னேன். பேனாவ வெச்சுட்டு என்னையவே பாத்துது. "இனி ஒரு சொட்டு நெய் தொடக் கூடாது. வயித்தப் பாதியாக் கொறைக்கோணும். தெனமும் நடக்கோணும். இடது கை வலிச்சா சோடாக் கடைக்குப் போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்களுக்கு உசுரு வேணுமா, நெய் வேணுமா?"ன்னு கேட்டுச்சு.

நான் யோசிச்சேன். அது தப்புங்களா? யோசிக்க வேண்டிய கேள்விதானுங்க அது. டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்திருச்சு. "இதுல யோசிக்க என்ன இருக்குது?"ன்னுச்சு. நான் சொன்னேன், "அம்மிணி, நெய்யி போச்சுன்னா கடை போச்சு, கடை போச்சுன்னா நான் உசுரோட இருந்து என்ன பண்றது? மோந்து பாக்கறதுக்காவது விடுவீங்களா?" மோந்து பாக்கலாம்னு சொல்லிருச்சு. அதையாவது விட்டுதே.

நான் ஒண்ணு எடுத்தா முடிக்காம விடமாட்டேன். அரிசியக் கொறைச்சேன். கொள்ளு ரசம், கீரை, வெள்ளரிக்காய். விடியக்காலம் எந்திரிச்சு வாய்க்கா மேட்டுல நட. சாயங்காலம் நட. வயிறு கொறைய ஆரம்பிச்சுது. கொறையக் கொறைய எனக்கு சந்தோசந்தானுங்க. படி ஏறறேன், மூச்சு வாங்கல. குனிஞ்சு என்ற செருப்ப நானே மாட்டறேன். பல வருசங் கழிச்சு என்ற பாதத்த நானே பாத்தேன். டாக்டரம்மா சீட்டப் பாத்துட்டு கை குடுத்துது. "நஞ்சப்பன், நீங்க எல்லாருக்கும் ஒரு பாடம்"னுச்சு.

ஊருக்கும் பாடமாத்தான் போனேன். மொதல்ல நடக்கறதப் பாத்தாங்க. "நஞ்சப்பண்ணன் வண்டிய வித்துட்டாராட்ட இருக்குது, நடந்து போறாரு." வண்டி ஊட்டு முன்னால நிக்குதுங்க! நிக்கறது கண்ணுக்குத் தெரியல, நடக்கறது தெரியுது. அப்பறம் எளைச்சதப் பாத்தாங்க. "என்னண்ணா, சுகரா?" இல்லப்பான்னு சொன்னா, "அப்ப நட்டமா?" இந்த ரண்டத் தவிர மனுசன் எளைக்கறதுக்கு எங்கூர்ல வேற வழியே இல்லீங்க. ஒருத்தரு ஆரஞ்சும் ஆர்லிக்ஸும் வாங்கிட்டு வந்து கல்லாப் பெட்டி மேல வெச்சுட்டு, என்ற தோளத் தட்டிட்டுப் போனாரு. எனக்கே அழுகை வந்திருச்சு.

அதெல்லாங்கூடத் தாங்கிக்கலாம். ஆனா ஒரு நாளு பூக்கடைக்காரம்மா வந்து நின்னு, நெய்ய மோந்து பாத்துட்டு, என்னைய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, "இவரே இவரு நெய்யத் திங்கறதில்லயாட்ட இருக்குதே, என்னத்தக் கலக்கறாரோ"ன்னு சத்தமாச் சொல்லிட்டுப் போயிருச்சு. அன்னைக்கு விழுந்துதுங்க கடை.

எதுத்தாப்பல ஒருத்தன் இருக்கறான். தெய்வசிகாமணி. அவனும் நெய்தான். என்னையவிட வயசுல சின்னவன், என்ற கடையப் பாத்துத்தான் கடை போட்டான். நல்ல வயிறுங்க அவனுக்கு. உள்ளதச் சொல்லோணுமல்ல. நான் எளைக்கறத அவன் பாத்துக்கிட்டே இருந்தான். ஒரு நாளு சட்டையக் கழட்டிட்டு, ஸ்டூல எடுத்துக் கடைக்கு வெளிய போட்டு, ரோட்டப் பாத்து உக்காந்துக்கிட்டான். அவ்வளவுதான். வயித்துல கை வெச்சுத் தடவிக்கிட்டே இருந்தான். என்ற யாவாரம் பூராவும் ரோட்டத் தாண்டி அங்க போயிருச்சு.

ஊட்டுக்குப் போயி துளசிகிட்டச் சொன்னேன். "நெய்யி தின்னாப் போயிச் சேந்துருவேன், திங்கலைன்னாக் கடை போயிச் சேந்துரும். எதுன்னு நீயே சொல்லு." அவ உள்ள போனா. பழைய தலகாணி ஒண்ண எடுத்தா. என்ற வயித்துல வெச்சு அளவு பாத்தா. ரண்டு நாளு தையல் மிசின் சத்தம் கேட்டுச்சு.

மொத வயிறு இலவம் பஞ்சுங்க. அதயும் ஒரே நாளுல மாட்டிட்டுப் போக முடியாதல்ல? நாளுக்கு ஒரு புடி பஞ்சு சேத்தோம். துளசிதான் கணக்குப் பாத்து வெப்பா. ஊரு பேச ஆரம்பிச்சுது. "நஞ்சப்பண்ணன் தேறிட்டாரு." "மொகம் மட்டும் இன்னம் தெளியல." பூக்கடைக்காரம்மாவே வந்து அரைக் கிலோ வாங்கிட்டுப் போச்சு. சிகாமணி சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டான்.

எல்லாம் நல்லாப் போயிக்கிட்டிருந்துது. ஒரு நாளு பழைய சிநேகிதக்காரன் ஒருத்தன் கடைக்கு வந்து, பிரியமா, என்ற வயித்துல வெரலால ஒரு குத்துக் குத்தினான். குழி விழுந்திருச்சுங்க! விழுந்த குழி அப்படியே நிக்குது. எந்திரிக்க மாட்டேங்குது. அவன் குழியப் பாக்கறான், என்ற மூஞ்சியப் பாக்கறான். நான் வலிக்கற மாதிரி கத்திட்டு உள்ள ஓடிட்டேன். பஞ்சு ஆகாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணினோம்.

அப்பத்தான் துளசிக்கு இந்த யோசனை வந்துது. நெய்ப் பாக்கெட்டு. அவளோட மூளைய நீங்க ஒத்துக்கோணும். எல்லாப் பாக்கெட்டையும் அடுக்கி, மேல மெல்லிசாப் பஞ்சு வெச்சு, துணியில தெச்சா. அடடா! நடந்தாக் குலுங்குது. உக்காந்தா மடியில எறங்குது. குத்தினாத் திரும்பி வருது. மார்கழில மட்டும் ஒறைஞ்சு போயி, மேசைல இடிச்சா டொக்குனு சத்தம் வரும். அந்த மாசம் நான் மேசைப் பக்கமே போறதில்ல. டாக்டரம்மா வயித்துக்குள்ள ஒரு சொட்டு நெய் போகக் கூடாதுன்னுச்சு. போகலியே! அத்தனை நெய்யும் வெளியதானுங்க இருக்குது.

சித்திரைல ஒரு கல்யாணம். நெய் நம்ம சப்ளை. சமையக்கட்டுல மேற்பார்வைக்கு நின்னேன். சுத்தியும் விறகடுப்பு, அனல் அடிக்குது. உள்ள நெய் உருகி, எங்கியோ ஒரு பாக்கெட்டு தையல் ஊசி பட்டிருக்குமாட்ட இருக்குது, கசிய ஆரம்பிச்சிருச்சு. எனக்குத் தெரியல. சட்டை நனைஞ்சு, வேட்டில எறங்கி, கால் வழியாச் சொட்டுது. சமையல் மாஸ்டர் பாத்துட்டு வாயப் பொளந்தாரு. நான் செத்தேன்னு நெனச்சேன். அந்தாளு என்ன பண்ணினாரு, கீழ குனிஞ்சு ஒரு சொட்ட வெரல்ல தொட்டு, மோந்து பாத்து, நக்கியும் பாத்துட்டு, "அண்ணனுக்கு வேர்வையே நெய்யா வருதுடோய்!"ன்னு கத்தினாரு.

கூட்டம் கூடிருச்சுங்க. மண்டபத்துல தாலி கட்டறாங்க, பாக்கறதுக்கு ஆளில்ல, எல்லாரும் சமையக்கட்டுல. ஒரு அம்மா கொழந்தையத் தூக்கிட்டு வந்து, என்ற சட்டையத் தொட்டு அதோட தலையில தடவுச்சு. மாப்பிள்ளையோட மாமா, படிச்சவரு, பேங்க்குல இருக்கறாரு, அவரு என்ற முழங்கையத் தேச்சுப் பாத்துட்டு, "மணம் பாருங்க, கலப்படமே இல்ல"ங்கறாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டு நின்னேன். வேற என்ன பண்றது? அடுத்த நாளு கடை முன்னால வரிசைங்க.

சிகாமணிக்கு அன்னைல இருந்து தூக்கம் போச்சு. பேச்சும் போச்சு. ரோட்டுல எதுத்தாப்பல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவான்.

ஆனா சனங்களுக்கு ஆசை அடங்குங்களா? "அண்ணா, எங்க முன்னால ஒரு வாய் சாப்பிடுங்க, பாக்கோணும்"னு கேக்க ஆரம்பிச்சாங்க. பருப்புஞ்சோத்துல நெய்ய ஊத்தி, பெசைஞ்சு, உருண்டை புடிச்சு நீட்டறாங்க. சட்டுனு ஒரு யோசனை வந்துது. "நான் சாப்பிடறது இருக்கட்டும், ஊட்டுப் பொம்பளை சாப்பிடறாளான்னு பாருங்க. அதல்லவா நம்பிக்கை?"ன்னு சொல்லி துளசியக் கூப்புட்டேன். அது பெரிய பேராயிப்போச்சுங்க. தெனமும் பதினோரு மணிக்கு துளசி கடைக்கு வந்து, எல்லாரு முன்னாலயும், நெய் ஒழுகற உருண்டை மூணு சாப்பிடுவா. விசேச நாள்ல அஞ்சு. அதப் பாக்கறதுக்குன்னே நம்பியூர்ல இருந்தெல்லாம் வருவாங்க.

அவளுக்குப் புடிக்காதுங்க. கல்யாணமான நாள்ல இருந்தே நெய்யி அவளுக்கு ஆகாது. திகட்டுதும்பா. "துளசி, டாக்டரம்மா எனக்குத்தான் ஆகாதுன்னுச்சு, உனக்கு ஒண்ணும் சொல்லலியே, உனக்கென்ன?"ன்னு கேட்டா, அடுத்த உருண்டைய எடுத்துச் சாப்பிடுவா. அவ நல்லா இருக்கறவங்க. கல்லு மாதிரி ஒடம்பு. ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சதே எனக்குத் தொணைக்கு வந்தப்பத்தான். இப்பக் கொஞ்சம் பூசினாப்பல ஆயிட்டா, நல்லா பூசினாப்பல. ஊர்ல சொல்றாங்க, "துளசியக்கா இப்பத்தான் மகாலட்சுமி மாதிரி இருக்கறாங்க"ன்னு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துது.

என்ன, கொஞ்சம் சோம்பலாயிட்டா. முன்னெல்லாம் விடியறதுக்குள்ள சமையல முடிச்சிருவா. இப்ப மாடிப் படி நாலு ஏறினா நின்னுக்கறா. எனக்கு முடிச்சுப் போடறதுக்குள்ள ரண்டு தடவை உக்காந்துக்கறா. "ஏந்துளசி, என்னையப் பாரு, உன்னையவிட எட்டு வயசு மூத்தவன், எப்படி நடக்கறேன்"னு சொல்லுவேன். நடக்க வான்னு கூப்புட்டேன். வந்தா. வாய்க்கா மேட்டுல பாதில உக்காந்துட்டா. எனக்குக் கோபம், தனியாப் போயிட்டேன்.

இப்ப எதுக்குக் கோயமுத்தூருன்னு கேட்டீங்கல்ல? முதுகு வலிங்க. எதுக்கு முதுகு வலின்னா, வயிறு கனம். நெய்யி கனமல்ல? நாள் பூராவும் முன்னால தொங்குனா முதுகு என்னத்துக்கு ஆகும்? டாக்டரம்மா படம் எடுத்துப் பாத்துட்டுக் கொழம்பிப் போச்சு. "நஞ்சப்பன், உங்க நெஞ்சு பிரமாதமா இருக்குது. எடை சரியா இருக்குது. ஆனா முதுகப் பாத்தா இவ்வளவு பெரிய தொப்பைய வருசக்கணக்காச் சொமந்தவரு மாதிரி தேஞ்சிருக்குது. எப்படி?"ன்னுச்சு. எனக்கும் தெரியலீங்கம்மான்னு சொல்லிட்டேன். பை பக்கத்துல பெஞ்சு மேலதான் இருந்துது.

அட, நம்பியூர் வந்திருச்சா? பேச்சுல நேரம் போனதே தெரியல. வாங்க, வயித்தக் கட்டிரலாம். நான் சட்டையத் தூக்கிக்கறேன், நீங்க அந்தக் கயித்த இந்தப் பக்கமாக் கொண்டாங்க. இறுக்கமா வேண்டாம். துளசி போடற முடிச்சே வேற. ரண்டு சுத்துச் சுத்தி ஒரு இழு இழுப்பா பாருங்க, அப்படியே ஒடம்போட ஒட்டிக்கும். இன்னைக்குக் காலைல அந்த இழு இழுக்க அவளால முடியல. கயித்தப் புடிச்சுக்கிட்டே கட்டல்ல உக்காந்துட்டா. கையி வலிக்குதுங்கன்னா. அப்பறம் எப்படியோ தளர்வா ஒரு முடிச்சுப் போட்டு விட்டா. "ஏனுங், நானும் ஒரு எட்டு வந்து பாத்துட்டு வந்தரட்டுங்களா?"ன்னு கேட்டா. நல்லாக் கேட்டா போங்க! பதினோரு மணிக்குக் கடையில யாரு உக்காந்து சாப்பிடறது? வாயுவா இருக்கும், ஒரு சோடா வாங்கிக் குடின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

என்னங்க? எந்தக் கையிங்களா?

எந்தக் கையி… கயித்தப் புடிச்சிருந்தது வலது கையி. வலிச்சது அது இல்ல. தேச்சுக்கிட்டிருந்தது… இருங்க. நான் கதவுக்கிட்ட நிக்கறேன், அவ கட்டல்ல. தேச்சுக்கிட்டிருந்தது இந்தக் கையிங்க. இடது கையி. கழுத்து வரைக்கும் தேச்சுக்கிட்டிருந்தா.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சோடா. நான் சோடா குடிக்கச் சொல்லிட்டு வந்தனுங்க. டாக்டரம்மா எனக்கு வேண்டாம்னு சொன்ன அதே… என்ற போன் எங்க? முடிச்ச விடுங்க, அது கெடக்குது. போன் எங்க போச்சு? மேல் பாக்கெட்டு. ஆமா.

துளசி? நான்தான். எங்க இருக்கறே? கடையிலயா? என்னம்மா பண்றே? உருண்டை சாப்பிட்டயா? ஏன் சாப்பிட்டே? நான் சொன்னன்னா சாப்பிடுவயா? சரி, சரி, அழுவாத. நான் திட்டல. கையி எப்படி இருக்குது? வேர்க்குதா? ஃபேன் போட்டுமா? சோடா குடிக்காத. குடிச்சுட்டயா. கேளு துளசி, அப்படியே சாஞ்சு உக்காரு. எந்திரிக்காத. கடை தெறந்து கெடந்தாக் கெடக்கட்டும், எவன் எத எடுத்துட்டுப் போனாலும் போகட்டும். எந்திரிக்காத சாமி.

சார், நீங்க நூத்தியெட்டுக்குப் போடுங்க. நால்ரோடு, நெய்க்கடைன்னு சொல்லுங்க. என்னது? எவ்வளவு நேரம் ஆகும்ங்கறாங்க? அது வரைக்கும் தாங்காதுங்க. எதுத்த கடையில கார் நிக்குது. சிகாமணி கார் நிக்குது.

சிகாமணி? நான் நஞ்சப்பன். வெச்சறாத, வெச்சறாத! உங்கிட்ட சண்டைக்கு வரல. துளசிக்கு நெஞ்சு வலி. கடையில இருக்கறா. தூக்கி வண்டியில போட்டு கோபிக்கு எடுத்துட்டுப் போ. என்ன? வாயுவா இருக்குமா? இல்லடா. என்ன சொல்றே? "இத்தனை நெய் தின்னு நீங்களே கல்லாட்ட இருக்கறீங்க, அக்காவுக்கு என்ன ஆயிரும்"ங்கறயா?

கேளு சிகாமணி. நான் நெய்யத் தொட்டு ரண்டு வருசமாச்சு. என்ற நெஞ்சுக்குள்ள கம்பி இருக்குது. பழனிக்குப் போகல நானு, ஆஸ்பத்திரில கெடந்தேன். இந்த வயிறு என்ற வயிறு இல்ல. துணில தெச்சது. உள்ள நெய்ப் பாக்கெட்டு. ஆமா, கல்யாணத்துல ஒழுகினதும் அதுதான். பாக்கெட்டு ஓட்டை. எனக்கு வேர்வை வேர்வையாத்தான் வருது. எனக்குப் பதிலா எல்லா நெய்யும் அவ தின்னா. நான் திங்க வெச்சேன். நம்பறயா இப்ப? சிரிக்கறயா? சிரிடா, நல்லாச் சிரி. வண்டிய எடுத்துட்டுச் சிரி. ஊர் பூராவும் சொல்லு. அவளக் கொண்டு போயிச் சேத்துட்டுச் சொல்லு.

வெச்சுட்டான். வெச்சுட்டானுங்க. ஓடறானா, சிரிச்சுக்கிட்டே நிக்கறானா, தெரியலியே.

பஸ்ஸு பூராவும் திரும்பிப் பாக்குது பாருங்க. பாக்கட்டும். கண்டக்டர் தம்பி, எனக்குக் கோபிக்கு ஒரு டிக்கெட்டு போட்டுக் குடு. நால்ரோட்டுல எறங்கல. டிரைவர்கிட்ட வேகமாப் போகச் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகுது.

இதுதானுங்க நால்ரோடு. அந்தா தெரியுது பாருங்க, அதுதான் என்ற கடை. கல்லாவுல ஆளில்ல. தெறந்தே கெடக்குது. எதுத்தாப்பல சிகாமணி கடை. அதுவும் தெறந்து கெடக்குது. ஆளக் காணோம். காரும் காணோம்! காரு இல்லீங்க! போயிட்டான். கூட்டிட்டுப் போயிட்டானுங்க!

ஐயோ, பூக்கடைக்காரம்மா ஜன்னலுக்குக் கிட்ட வருது. ஆமாக்கா, நான்தான். நஞ்சப்பன்தான். என்னங்கறே? "காலைல போகும்போது நல்லாத்தான இருந்தீங்க, ஒரே நாள்ல இப்படி எளைச்சுட்டீங்களே"ங்குதுங்க. நல்லா இல்லக்கா. அப்பவும் நல்லா இல்ல. துளசியப் பாத்தயா? காருல ஏறினாளா? அவளா ஏறினாளா, தூக்கிட்டுப் போனாங்களா? வண்டி எடுத்துட்டாங்க, கேக்க மாட்டேங்குது.

போன் அடிக்குது. பச்சைய அமுக்கறேன், எடுக்க மாட்டேங்குதுங்க, நீங்க அத அமுக்கி விடுங்க.

சொல்லு சிகாமணி. எங்க போறே? கோபிக்குக் கிட்டவா? பேசறாளா? மூச்சு வாங்குதா? பேசறாளா, அதச் சொல்லு. பேசறாளா. சரி. சரி சாமி. கேளு, உன்ற கால்ல விழறேன், வேகமாப் போ. என்ன? எங்கிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாளா? என்ன கேக்கறா?

…

வயிறு பத்திரமா இருக்குதான்னு கேக்கறாளா.

இருக்குதுன்னு சொல்லு சிகாமணி. பத்திரமா இருக்குதுன்னு சொல்லு.

சார், அந்த வயிறு உங்க காலுக்குக் கீழ கெடக்குது பாருங்க. சித்த எடுத்துக் குடுங்க. மெதுவா. மடியில வெச்சுக்கறேன். அவ தெச்சதுங்க.